யூரின் டியூப் போடும்போது எதைத் தடவுவது, எவ்வளவு, எங்கே

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 68 வயது அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கத்தால் நீர் அடைத்துப்போய் இரண்டு வாரம் ஃபோலீஸ் டியூப் (உள்ளேயே தங்கும் பலூன் டியூப்) இருந்தது. எடுத்துப் பார்த்தார்கள், நீர் முழுதாகப் பிரியவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் ஆபரேஷன், அதுவரை தினமும் நான்கு வேளை 12 சைஸ் பிளாஸ்டிக் டியூபை வீட்டிலேயே போட்டு, நீரை வடித்துவிட்டு, டியூபை உருவிவிடச் சொல்லியிருக்கிறார்கள். மகன் கேட்கிறார்: பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார்கள், மாமா வாஸலின் என்கிறார், மருந்துக்கடைக்காரர் மரத்துப்போகிற ஜெல்லி ஒன்றைக் கொடுத்தார். எது சரி? எவ்வளவு போடணும்? மரத்துப்போகிற ஜெல்லியைத் தினமும் போடலாமா? நேற்று டியூப் நுனியில் லேசாக ரத்தம் இருந்ததே, பயப்படவேண்டுமா?

நான் யூராலஜி வார்டில் பல வருடம் ஆண் செவிலியராக இருந்தவன். வார்டில் எனக்குப் பெயரே 'பிரதர்'தான். டாக்டர் இல்லை. ஆனால் டியூப் போட்ட கணக்கைக் கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது.

எடுத்த எடுப்பில் பதில்: தண்ணீரில் கரையும் ஜெல்லி, அதுவும் கிருமிநீக்கம் செய்து மூடிய உறையில் வந்தது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாஸலின், சோப்பு நுரை எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். மரத்துப்போகிற ஜெல்லி முதல் சில நாளைக்குச் சரி, கை பழகியபின் அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் எந்த ஜெல்லி என்பதைவிட அது எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெண்களுக்கு நீர்ப்பாதை சுமார் 4 செ.மீ. ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ. நீளம் மட்டும் இருந்தால் பரவாயில்லை, நடுவே இரண்டு வளைவும் இருக்கிறது. முதல் வளைவு, ஆணுறுப்பை மேல்நோக்கி நேராக உயர்த்திப் பிடித்தால் நிமிர்ந்துவிடும். இரண்டாவது விதைப்பைக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு அடியில் இருக்கிறது. அதைக் கையால் நிமிர்த்த முடியாது, டியூப்தான் வளைந்து போகவேண்டும். வளைவு முடிகிற இடத்திலேயே நீரை அடக்கிவைக்கிற வட்டத் தசை காவல் நிற்கிறது. அதைத் தாண்டினால் ப்ராஸ்டேட், அதற்கும் மேலே சிறுநீர்ப்பையின் வாய். பாதையின் உள்சுவர் கன்னத்தின் உள்பக்கம் மாதிரி மெல்லிய ஈரச் சவ்வு. அதைச் சுற்றிப் பஞ்சு போன்ற திசு, அதில் நிறைய ரத்தம். சின்னக் கீறலுக்கே சொட்டுச் சொட்டாகச் சிவப்பு வருவது அதனால்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நீர் போகாத நேரத்தில் இந்தப் பாதை திறந்த குழாயாக இருப்பதில்லை. காற்றுப் போன சைக்கிள் டியூப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கும். அதற்குள் நாம் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தள்ளுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி டியூட்டி. பகலெல்லாம் நீர் பிரியாமல், அடிவயிறு பானை மாதிரி உப்பி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகும் ஒரு தாத்தா. நான் டியூபின் நுனியில் பட்டாணி அளவு ஜெல்லி வைத்துக்கொண்டு போட ஆரம்பித்தேன். நாலைந்து செ.மீ. போனதும் இழுத்துப் பிடித்தது. தாத்தா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். குனிந்து பார்த்தால், வைத்த ஜெல்லி மொத்தமும் வெளியே, திறப்பைச் சுற்றி ஒரு வளையமாக வழிந்து நிற்கிறது. உள்ளே போன டியூப் வறண்டுதான் போயிருக்கிறது. மூத்த சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஜெல்லியெல்லாம் வாசப்படியிலயே நிக்குது பாருங்க தம்பி, வீட்டுக்குள்ள யாரு போடுவா?" என்றார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் இன்றுவரை நான் செய்கிறேன். ஊசி இல்லாத 10 மி.லி. ஸ்டெரைல் சிரிஞ்ச் ஒன்றைப் பிரித்தார். பின்னாலிருந்து தள்ளுதண்டை முழுதாக உருவி வைத்தார். லிக்னோகைன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த புது ஜெல்லி டியூபைத் திறந்து, அதன் மூக்கு சிரிஞ்சின் விளிம்பில் படாமல், உள்ளே பிதுக்கி நிரப்பினார். தண்டைத் திரும்பச் செருகி, சிரிஞ்சைச் செங்குத்தாகப் பிடித்துக் காற்றை வெளியே தள்ளினார். பிறகு ஆணுறுப்பை நேராக உயர்த்தி, சிரிஞ்ச் முனையைத் திறப்பில் மெல்லப் பொருத்தி, அவசரமே இல்லாமல் முழுவதையும் உள்ளே செலுத்தினார். மொட்டுக்குக் கீழே இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி தாத்தாவிடம் பேரன் பேத்திக் கதை கேட்டார். ஐந்து நிமிடம். அதன்பின் புது டியூப் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போனது. 800 மி.லி.க்கு மேல் வடிந்தது. "உசுரு வந்துச்சும்மா" என்றார் தாத்தா, சிஸ்டரைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை, நியாயம்தான்.

ஜெல்லி அங்கே மூன்று வேலை செய்கிறது. வழுக்க வைக்கிறது. ஒட்டிக் கிடக்கும் சுவர்களை விலக்கிப் பாதையைத் திறந்து கொடுக்கிறது. லிக்னோகைன் கலந்ததாக இருந்தால் மரத்துப்போகவும் வைக்கிறது. நுனியில் தடவுகிற பட்டாணி அளவு இந்த மூன்றில் ஒன்றைக்கூட உருப்படியாகச் செய்யாது. வளர்ந்த ஆணுக்கு 10 முதல் 15 மி.லி. என்று சொல்வது, அவ்வளவு நீளத்துக்கு அது நிரம்பவேண்டும் என்பதால்தான். தயாராக அடைத்து வரும் ஜெல்லி சிரிஞ்சுகளில் ஆண்களுக்கானது 11 மி.லி. அளவில் கிடைப்பதும் இதனால்தான். மரத்துப்போகிற ஜெல்லி என்றால் குறைந்தது 3 முதல் 5 நிமிடம் காத்திருக்கவேண்டும். போட்ட கையோடு டியூபைத் தள்ளினால் மருந்துக்குக் கொடுத்த காசு வீண். வலிக்கு மருந்து போட்டும் வலித்தது என்று சொல்கிறவர்களிடம் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்டால், பாதிப் பேருக்கு மேல் காத்திருக்கவே இல்லை என்பார்கள்.

செலுத்தும்போது வேகம் வேண்டாம். வேகமாகத் தள்ளினால் அதுவே எரியும், சுருங்கித் தசை இறுகும். திறப்பில் ஏற்கெனவே ரத்தம் தெரிந்தால் சிரிஞ்சும் வேண்டாம், டியூபும் வேண்டாம். சவ்வு கிழிந்திருந்தால் அழுத்திச் செலுத்தும் ஜெல்லி சுற்றியுள்ள பஞ்சுத் திசு வழியாக நேரே ரத்தத்தில் கலந்துவிடும். முக்கியமாக, வண்டியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவருக்குத் திறப்பில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் யாரும் கைவைக்கக்கூடாது. நீர்ப்பாதையே அறுந்திருக்கலாம், படம் எடுத்துப் பார்க்காமல் டியூப் போடுவது ஆபத்து.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். தினமும் நான்கு வேளை உருவிப் போடுகிற டியூபுக்கு ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் நிரப்பவேண்டுமா? எல்லாரும் செய்வதில்லை. டியூபின் மேலேயே ஜெல்லியைத் தாராளமாகத் தடவிப் போடச் சொல்லித்தருவதும் வழக்கம்தான். அப்படியானால் நுனி மட்டும் போதாது, நுனியிலிருந்து 15, 20 செ.மீ. வரை சுற்றிலும் பளபளவென்று இருக்கவேண்டும். என் சொந்த அபிப்பிராயம்: ப்ராஸ்டேட் வீங்கிய ஆணுக்கு முதல் சில வாரமாவது 5 முதல் 10 மி.லி. சாதாரண ஜெல்லியை உள்ளே செலுத்திவிட்டு, டியூபிலும் கொஞ்சம் தடவிக்கொள்வது நல்லது. சாதாரண ஜெல்லிக்குக் காத்திருக்கவேண்டியதில்லை, வழுக்கல் உடனே வந்துவிடும்.

இப்போது எண்ணெய். ஃபோலீஸ் டியூபில் நுனிக்குப் பக்கத்தில் ஒரு பலூன் இருக்கும். நம் ஊரில் அதிகம் போடுகிற தேன்நிற டியூப், மேலே சிலிக்கோன் பூசிய ரப்பர்தான், அதாவது லேடெக்ஸ். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலம் இழக்கும். ஆணுறையோடு எண்ணெயோ வாஸலினோ சேர்க்காதே என்று எச்சரிப்பது இதே காரணத்துக்குத்தான். பலூன் உள்ளே இருக்கும்போது வெடித்தால் டியூப் கழன்று வரும், பலூன் துண்டு சிறுநீர்ப்பைக்குள் தங்கிவிடவும் கூடும். உங்கள் அப்பா போடுவது பலூன் இல்லாத பி.வி.சி. டியூப், அதனால் இந்தப் பயம் உங்களுக்கு இல்லை. ஆனால் மற்ற இரண்டு காரணங்கள் அப்படியே நிற்கின்றன. ஒன்று, எண்ணெயும் வாஸலினும் நீரில் கரையாது. ஜெல்லி என்றால் சிறுநீரோடு கரைந்து போய்விடும், வாஸலின் டியூபின் கண்ணை, அதாவது நுனிப்பக்கத்து ஓட்டையை, அடைக்கும், மிச்சம் பாதையிலும் பையிலும் ஒட்டிக்கிடக்கும். இரண்டு, சுத்தம். வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். மார்கழியில் உறைந்த எண்ணெயைச் சுரண்டிய விரல், தலைக்குத் தேய்த்த கை, குழந்தைக்குத் தடவிய கை, எல்லாம் அதே வாயில்தான் போயிருக்கும். தோலுக்கு அது ஒன்றும் செய்யாது. தேங்கி நிற்கிற நீருள்ள, சர்க்கரை உள்ள ஒருவரின் சிறுநீர்ப்பைக்குள் போனால் கதை வேறு.

சுஸ்ருத சம்ஹிதையில், திறப்பு சுருங்கி நீர் பிரிய முடியாதவர்களுக்கு இரும்பாலோ மரத்தாலோ அரக்காலோ செய்த, இரு பக்கமும் திறந்த குழாயை நெய் தடவி நுழைத்து, சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்த குழாய்க்கு மாற்றச் சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே நெய் தடவினார்களே என்று இதைக் காட்டி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அன்றைக்குக் கையில் இருந்ததில் நல்லதைத் தடவினார்கள். வறட்சியாக நுழைக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யை அடுக்களையிலேயே விட்டுவிடுங்கள்.

கடையில் பெயர் குழம்பி வேறு எதையாவது வாங்கிவரும் ஆபத்தும் உண்டு. லிக்னோகைன் என்று கேட்டால் 5% ஆயின்ட்மென்ட்டை எடுத்து வைப்பார்கள், அது மேல்தோலுக்கும் மூலத்துக்கும் தடவுவது. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கிற விஸ்கஸ் திரவம் ஒன்று உண்டு, ஸ்ப்ரே உண்டு. இவை எதுவும் நீர்ப்பாதைக்கானவை இல்லை. அட்டையில் 2% ஜெல்லி என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவுகிற ஜெல்லையும் சிலர் பாட்டிலோடு வாங்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அது கிருமிநீக்கம் செய்ததல்ல. 2021-ல் ஒரு நிறுவனத்தின் ஸ்கேன் ஜெல்லில் பர்க்கோல்டேரியா என்ற பாக்டீரியா கலந்து நோயாளிகளுக்குத் தொற்று வந்து, அதைப் பயன்படுத்தவேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

அந்த எச்சரிக்கை நம் வார்டுகளுக்கும் பொருந்தும். டிராலியில் மூடி தொலைந்த ஒரே ஜெல்லி டியூப் காலையிலிருந்து பத்து நோயாளிகளுக்குச் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன், ஆரம்பத்தில் நானும் சுற்றியிருக்கிறேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவமனையில் டியூப் போட ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு ஜெல்லிப் பொட்டலமே வேண்டும் என்றிருக்கிறது. உங்கள் வீட்டில் பொட்டலம் கிடைக்காமல் டியூபில்தான் வாங்குகிறீர்கள் என்றால், அது அப்பாவுக்கு மட்டும். திறந்த தேதியைப் பேனாவால் மேலே எழுதுங்கள். அதன் மூக்கு எதன்மேலும் படக்கூடாது. முதலில் வரும் கொஞ்சத்தைச் சுத்தமான துணியில் பிதுக்கிக் கழித்துவிட்டு எடுங்கள்.

அதே வழிகாட்டுதலில் கிருமிநாசினி கலந்த ஜெல்லி வழக்கமாகத் தேவையில்லை என்றும் இருக்கிறது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், தயாராக அடைத்து வரும் சிரிஞ்சுகள் பலவற்றில் லிக்னோகைனோடு குளோர்ஹெக்சிடினும் கலந்திருக்கும். கை கழுவும் திரவத்திலும் வாய் கொப்பளிக்கும் மருந்திலும் இருக்கிற அதே பொருள்தான். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும்: உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிதல். 2012-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. முன்பு ஒருமுறை டியூப் போட்டபோது உடம்பு தடித்தது, அரிப்பு வந்தது என்று அப்பா சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். லேடெக்ஸுக்கும் ஒவ்வாமை உண்டு, இரண்டில் எது என்று அவர்கள் பார்ப்பார்கள்.

லிக்னோகைனைத் தினமும் போடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2% என்றால் ஒரு மி.லி.யில் 20 மி.கி. மருந்து. 10 மி.லி. செலுத்தினால் 200 மி.கி. நான்கு வேளைக்கு 800 மி.கி. இந்த ஜெல்லிக்கு 12 மணி நேரத்தில் 600 மி.கி.க்கு மேல் போகக்கூடாது என்று ஒரு உச்சவரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. நான்கு வேளையைச் சீராகப் பிரித்தால் அந்த வரம்புக்குள்தான் இருப்பீர்கள். ஆனால் வரம்பு என்பது தினசரி அளவு இல்லை. ஈரல் பழுதுள்ளவர், இதயத் துடிப்புக்கு மாத்திரை எடுப்பவர், வலிப்பு உள்ளவர் ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடரவே கூடாது. பாதையில் புண் இருந்தால் மருந்து அதிகமாக ரத்தத்தில் ஏறும். ஏறினால் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல மதமதப்பு, வாயில் உலோக ருசி, காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பு வரும். மிஞ்சினால் வலிப்பு வரை போகும். முதல் முயற்சியில் போகவில்லை என்று இன்னொரு சிரிஞ்ச், மூன்றாவது சிரிஞ்ச் என்று நிரப்பிக்கொண்டே போகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. வீட்டில் போடுகிறவருக்கு வலிதான் காவலாளி. டியூப் தப்பான இடத்தில் முட்டுகிறது என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. பாதையை முழுக்க மரக்கடித்துவிட்டுத் தள்ளினால் கை கூசாது, பாதை கிழியும். அதனால் முதல் வாரம், பயம் தெளியும்வரை, டாக்டர் சரி என்றால் லிக்னோகைன். அப்புறம் மருந்தில்லாத சாதாரண ஜெல்லிக்கு மாறிவிடுங்கள். அப்பாவே "அது வேண்டாம்பா, மரமரன்னு இருக்கு" என்று சொல்லும் நாள் சீக்கிரம் வரும்.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் இருக்கிறது: முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள். வலிக்காதே, ஜெல்லி எதற்கு என்று வறட்சியாகப் போட்டுக்கொள்வார்கள். காவலாளியே இல்லாத வீடு அது. அவர்களுக்குத்தான் ஜெல்லி தாராளமாக வேண்டும். அதிலும் முதுகுத்தண்டின் மேல்பகுதியில், நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, நீர் நிறைந்து பை உப்பினாலோ டியூப் உரசினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும், தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். அவர்கள் வலியை உணரவில்லை, ஆனால் நரம்பு உணர்கிறது. அந்த நிலையில் டியூப் போடும் முன் லிக்னோகைன் ஜெல்லியைச் செலுத்தி இரண்டு நிமிடமாவது பொறுக்கச் சொல்வது, வலிக்காக இல்லை, அந்த நரம்பை அமர்த்துவதற்காக.

ஹைட்ரோஃபிலிக் டியூப் என்று ஒன்று வருகிறது, விலை அதிகம். அதன் மேல்பூச்சு தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஆகிவிடும், அதற்கு ஜெல்லியே வேண்டாம். மேலே ஜெல்லி தடவினால் பூச்சு கெடும், எண்ணெய் தடவினால் இன்னும் மோசம். உரசலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் இதில் குறைவு. ஒருமுறை போட்டதும் எறிந்துவிடவேண்டும், கழுவித் திரும்பப் போட்டால் வழுக்காது, காய்ந்து சவ்வில் ஒட்டும். நாளைக்கு நான்கு என்றால் மாதம் 120. வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லையென்று குற்ற உணர்ச்சி வேண்டாம். சாதாரண டியூபும் போதுமான ஜெல்லியும் சுத்தமான கையும் உலகம் முழுக்க வேலை செய்திருக்கிறது. 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடஸ் என்ற யூராலஜிஸ்ட், வீட்டில் போட ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, நன்றாகக் கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும், பையை நிரம்பி உப்பவிடாமல் வேளாவேளைக்குக் காலி செய்வதே முக்கியம் என்று எழுதினார். இன்று உங்கள் அப்பா வீட்டில் செய்வது அந்த வழியில் வந்ததுதான்.

இப்போது ஒரு வேளையை அப்படியே சொல்கிறேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முன்தோலைப் பின்னுக்கு இழுத்து மொட்டைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். டியூப் உறையைப் பாதி பிரித்து, உறைக்குள்ளேயே நுனி இருக்கும்படி வைத்துக்கொண்டு ஜெல்லியை அதன்மேல் பிதுக்குங்கள். மேஜைமேல் வைத்து எடுக்கவேண்டாம். ஆணுறுப்பை நேராக உயர்த்திப் பிடித்து, மறுகையால் டியூபை ஒரே சீரான மெல்லிய அழுத்தத்தில் உள்ளே விடுங்கள். 15 செ.மீ. சுமாருக்குப் போனதும் ஒரு தடை தெரியும். அதுதான் அந்தக் காவல் தசை. அங்கே குத்தித் தள்ளுவதுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம். தள்ளுவதை நிறுத்தி, டியூபை அப்படியே பிடித்துக்கொண்டு, அப்பாவை மூச்சை நீளமாக இழுத்து விடச் சொல்லுங்கள், நீர் போவதுபோல முயற்சி செய்யச் சொல்லுங்கள். தசை தானாக இளகி டியூபை உள்ளே வாங்கிக்கொள்ளும், கையிலேயே தெரியும். நீர் வந்ததும் இன்னும் 2, 3 செ.மீ. விட்டு, முழுக்க வடியவிடுங்கள். உருவும்போதும் மெதுவாக, நடுவில் மறுபடி நீர் வந்தால் நின்று வடியவிட்டு. கடைசியில் முன்தோலை முன்னுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். மறந்தால் அது மொட்டின் கழுத்தைச் சுருக்குக் கயிறாக இறுக்கி வீங்கிவிடும். கூட இருப்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

சில சமயம் டியூப் சரியான இடத்துக்குப் போயும் நீர் வராது. பயப்படாதீர்கள், டியூபின் கண்ணை ஜெல்லி அடைத்திருக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுங்கள், இருமச் சொல்லுங்கள், அடிவயிற்றை லேசாக அழுத்துங்கள், இளகி வந்துவிடும். உங்களுக்கு இது சின்ன விஷயம். பலூன் டியூபில் பெரிய விஷயம். ஒருமுறை பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, நீர் வராதது ஜெல்லியால்தான் என்று தானே முடிவு செய்துகொண்டு 10 மி.லி. தண்ணீரைப் பலூனில் ஏற்றிவிட்டார். பலூன் பைக்குள் இல்லை, பாதையிலேயே உப்பியது. நோயாளி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரத்தம் நிற்க இரண்டு நாள் ஆனது, அந்தப் பாதை பின்னால் சுருங்கி அவர் மறுபடி மறுபடி வந்தார். பலூன் டியூப் என்றால், டியூபின் வெளிமுனை இரண்டாகப் பிரிகிற இடம் வரை முழுதாக உள்ளே போகவேண்டும், நீரைக் கண்ணால் பார்க்கவேண்டும், அதன்பிறகே பலூன். வீட்டில் பலூன் டியூபை மாற்றப் பயிற்சி இல்லாதவர்கள் கைவைக்கவேண்டாம்.

ஒரே டியூபைக் கழுவித் திரும்பப் போடச் சொல்லியிருந்தால், உருவிய உடனே ஓடும் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். ஜெல்லி காய்ந்தால் மெல்லிய ஏடாகப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் போகாது, கிருமி அதன் மேலேதான் குடியேறும். எத்தனை முறை போடலாம் என்பதை உங்கள் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள், முடிந்தால் புதிதே மேல்.

நேற்றுப் பார்த்த ரத்தம்: உருவிய டியூபின் நுனியில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு கீற்று, திறப்பில் ரத்தம் இல்லை, அடுத்த வேளை அந்தக் கீற்றும் இல்லை என்றால் பதறவேண்டாம். முதல் வாரத்தில் பலருக்கு வரும், அநேகமாக ஜெல்லி போதாததால்தான். இன்று அளவைக் கூட்டிப் பாருங்கள். ஆனால் நீரே சிவப்பாக வந்தால், கட்டி கட்டியாக வந்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், இரண்டு முறை முயன்றும் டியூப் போகாமல் அடிவயிறு உப்பினால், முன்தோல் வீங்கி முன்னுக்கு வரவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்றாவது முயற்சியை வீட்டில் செய்யாதீர்கள். ப்ராஸ்டேட் பெரிதாக இருப்பவர்களுக்கு நுனி சற்று மேல்நோக்கி வளைந்த டியூப் ஒன்று உண்டு, அதைப் போட்டால் சுலபமாகப் போய்விடும், அங்கே கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதம் முழுக்க நீங்கள் போடுவதாகவே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கை நடுக்கமோ பார்வைக் குறையோ இல்லையென்றால் அவரே போட்டுக்கொள்ளட்டும். உள்ளே எங்கே முட்டுகிறது என்று போடுகிறவருக்கே உணர்ச்சியும் இருந்தால் கை தானாகப் பதமாகும். மகன் முன்னால் வேட்டியை விலக்குகிற கூச்சமும் இல்லை, கூச்சம் போனால் தசை இறுகுவதும் பாதி போய்விடும். முதல் நாள் நீங்கள் ஜெல்லியைப் பிதுக்கிக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நில்லுங்கள். வாளியில் நீர் விழுகிற சத்தம் கேட்டதும் டீ போடப் போகலாம்.